வெட்பாலை மரத்தில் கறுப்பு: திருத்தணி எல்லைக் கடைசல் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருத்தணியிலிருந்து நகரி போகும் வழியில், ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமத்தில் இந்தக் கடைசல் பட்டறை இருக்கிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு மாறியதே தவிர, பெண் கொடுப்பதும் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் இரண்டு பக்கமும் கலந்துதான் நடக்கின்றன. இந்த நிகழ்வில் பட்டறைக்கு வழி காட்டியதும் அந்தப் பக்கத்து உறவுதான்.

பட்டறையில் இரண்டு லேத். ஐம்பது வயது தாண்டிய கடைசல்காரரும் அவர் மகனும் வேலை செய்கிறார்கள். முன்பு கட்டில் கால், தொட்டில் கட்டை, சப்பாத்திக் குழவி, பம்பரம் என்றுதான் ஓடியது. இப்போது பாதிக்கு மேல் அலங்காரப் பொருள்கள்: சிமிழ், கிண்ணம், விளக்குத் தண்டு, கைப்பிடிக் குமிழ். பட்டறைக்கும் சென்னைக் கடைகளுக்கும் நடுவில் ஆர்டர் பார்த்துக் கொடுப்பது என் வேலை. அதனால் இதில் நடந்த பெரும்பாலானவற்றை நேரில் பார்த்தேன்.

அவர்கள் அதிகம் கடைவது வெட்பாலை. பால் போல வெளுத்த மரம், நெருக்கமான நரம்பு, உளிக்கு இணக்கமாக வரும், மெல்லிய விளிம்பு கூடச் சிலும்பாமல் நிற்கும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாகாவிலும் அரக்குப் பொம்மைகளுக்குக் கடையும் மரம் இதுதான். வெளுப்பாக இருப்பதுதான் அதன் அழகு. இந்த ஆர்டரில் அந்த வெளுப்பில்தான் கறுப்பு ஏற்ற வேண்டியிருந்தது.

கேட்கப்பட்டது

ஆடி மாதத் தொடக்கத்தில் சென்னைக் கடை ஒன்று நவராத்திரித் தாம்பூலத்துக்காக 60 குங்குமச் சிமிழ் கேட்டது. அடிப்பாகம் மரத்தின் வெள்ளையிலேயே இருக்க வேண்டும். மூடி கறுப்பு. மூடியின் நடுவில் ஒரு நூல் அளவுக்கு வெள்ளை வளையம் ஓட வேண்டும். பெயிண்ட் கூடாது, பளபளப்பு கூடாது, கறுப்புக்குள்ளும் மர நரம்பு தெரிய வேண்டும் என்பது நிபந்தனை.

கடைசல்காரருக்கு உடனே தோன்றியது அரக்கு. லேத் சுற்றும்போதே கறுப்பு அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும், தாழை ஓலையால் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அது மரத்தின் மேல் ஒரு தோலாக உட்கார்ந்து நரம்பை மறைக்கும், பளபளக்கும். கடைக்காரர் மாதிரியைப் பார்த்ததுமே வேண்டாம் என்றார். ஸ்பிரிட்டில் கரையும் கறுப்புச் சாயத்தை ஒரு துண்டில் போட்டுப் பார்த்தோம். நிறம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குறுக்கு வெட்டில் ஆழமாக உறிஞ்சி, பக்கவாட்டில் மெலிந்து, திட்டுத் திட்டாக நின்றது. அதோடு பாலிஷ் போடும் ஸ்பிரிட் பட்டதும் சாயம் மறுபடி கரைந்து வெள்ளைப் பக்கம் வழிந்தது. நெருப்பில் கருக்குவது இவ்வளவு சின்ன மூடிக்குச் சரிவராது. மெல்லிய விளிம்பு வெடித்துவிடும்.

மிச்சம் இருந்தது இரும்புக் கறுப்பு. இரும்பைக் காடியில் கரைத்து மரத்தில் பூசினால், மரத்தில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே கறுப்பு உண்டாகும். மேலே பூச்சு எதுவும் நிற்காது, நரம்பு அப்படியே தெரியும். கடைக்காரர் கேட்டதற்கு இதுதான் பொருத்தம் என்று முடிவாயிற்று.

முதல் சுற்றில் கண்டது

மகன் பொறுப்பெடுத்துக்கொண்டார். மளிகைக் கடை வினிகரில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் ஸ்க்ரப்பரைப் போட்டு ஊறவைத்தார். சில நாள் கழித்தும் ஸ்க்ரப்பர் அப்படியே பளபளவென்று இருந்தது. அது துருப்பிடிக்காத எஃகு. வினிகர் அதை லேசில் தொடாது. துத்தநாகம் பூசிய ஆணியும் இதற்கு உதவாது. சாதாரண இரும்பு வேண்டும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் எஃகுப் பஞ்சை வாங்கி, அதில் உள்ள எண்ணெய் போகச் சோப்புத் தண்ணீரில் அலசி, மறுபடி ஊறவைத்தார்கள். குமிழ் விட்டுக் கரையத் தொடங்கியது. கிளம்புவது ஹைட்ரஜன் வாயு என்பதால் ஜாடியை இறுக மூடவில்லை, அடுப்புப் பக்கமும் வைக்கவில்லை. ஒரு வாரத்தில் இளம் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் கரைசல் தயார். துணியில் வடிகட்டினார்கள்.

பட்டறையில் கிடந்த ஒரு கருவேலத் துண்டில் முதலில் தடவினார். கண் முன்னாலேயே கறுத்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வெட்பாலையில் தடவியபோது வந்தது சாம்பல். மழை மேகம் மாதிரி ஒரு வெளிறிய சாம்பல், அதற்கு மேல் போகவில்லை. "இன்னொரு கை அடிச்சா ஏறிடும்பா" என்று மகன் மறுபடி பூசினார். இரண்டாம் கையில் கொஞ்சம் இருண்டது. மூன்றாம் கையில் சாம்பல் போய்த் துருவின் செம்பழுப்பு தெரியத் தொடங்கியது. மறுநாள் காய்ந்து பார்த்தால் பழைய தகரக் கூரையின் நிறம்.

இங்கே கடைசல்காரர் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். கரைசலைக் கெட்டியாக்கலாம், இரண்டு வாரம் ஊறவிடலாம் என்று மகன் சொன்னதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "கருவேலத்துல வந்துச்சு, இதுல வரல. தண்ணி ஒண்ணுதான். அப்ப கொற மரத்துலதான் இருக்கு" என்றார். வேதியியல் படிக்காதவர் சொன்ன இந்த வார்த்தைதான் சரியான நோயறிதல்.

ஏன் ஏறவில்லை

இரும்புக் கரைசலுக்கு என்று கறுப்பு கிடையாது. மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேரும்போதுதான் கறுப்பு பிறக்கிறது. கருவேலம் பட்டையிலும் கட்டையிலும் துவர்ப்பு நிறைந்த மரம், அதனால் உடனே கறுத்தது. வெளுத்த மரங்களில் பொதுவாகத் துவர்ப்பு குறைவு. இருக்கிற கொஞ்சத்தோடு சேர்ந்த இரும்பு சாம்பலைக் கொடுத்தது. சேர ஆள் இல்லாமல் நின்ற மிச்ச இரும்பு காற்றில் துருவாக மாறியது. கை கூடக் கூடப் பழுப்பு கூடியதன் காரணம் அதுதான். அதாவது, கறுப்பு போதவில்லை என்று இரும்பைக் கூட்டுவது எதிர்ப்பக்கம் நடப்பது.

அக்கா வந்தது

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தில் ரோடு அடைத்துப் போகும், பட்டறையும் மூடிக் கிடக்கும். கடைசல்காரர் மனைவியின் அக்கா காளஹஸ்தியிலிருந்து காவடியோடு வந்தவர், இரண்டு நாள் தங்கினார். அவர் குடும்பம் கலம்காரி, அதாவது துணியில் கையால் ஓவியம் வரையும் வேலை செய்யும் குடும்பம். திண்ணையில் கிடந்த சாம்பல், பழுப்புத் துண்டுகளைப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்டார். கடைசல்காரர் விவரம் சொன்னார்.

"துணிக்கே கடுக்காய் போடாம நாங்க கசிமி தொடமாட்டோம் மாப்பிள்ளை. வெறும் மரத்துல எப்படிப் பிடிக்கும்?"

கலம்காரியில் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்ததில் நனைத்துக் காயவைக்கிறார்கள். பிறகு இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறப்போட்டு, வாரக்கணக்கில் புளிக்கவைத்த கசிமியை மூங்கில் கலத்தால் துணியில் இழுக்கிறார்கள். இழுக்கும்போது வெளிறித் தெரியும் கோடு சற்று நேரத்தில் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சந்திக்கும் இடம் அது. வெல்லம் புளித்து வரும் காடியும் கடையில் வாங்கும் வினிகரும் செய்வது ஒரே வேலை, இரும்பைக் கரைப்பது. பட்டறையில் இரும்பு இருந்தது, கடுக்காய் இல்லை.

பட்டறையிலிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வேலையில் இந்த அறிவு இருந்தது. துணிக்காரரும் மரக்காரரும் ஒரே குடும்பத்தில் இருந்தும் அதுவரை இதைப் பேசிக்கொண்டதே இல்லை. கைத்தொழில் செய்கிறவர்கள் பக்கத்துத் தொழிலை எட்டிப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும் என்று நான் அழுத்தமாக நம்புகிறேன். இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம்.

கடுக்காய்ச் சோதனைகள்

திருத்தணி நாட்டு மருந்துக் கடையில் கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் வாங்கினோம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் என்று கரைத்து, ஓர் இரவு வைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடித்தார்கள். பாத்திரம் எவர்சில்வர். இரும்புச் சட்டியில் கரைத்தால் சாறு அங்கேயே கறுத்துவிடும்.

வெட்பாலைத் துண்டில் சாற்றைப் பூசிக் காயவிட்டபோது இளம் மஞ்சள் ஏறியது. அதன் மேல் அதே பழைய இரும்புக் கரைசல். முதலில் நீலம் கலந்த சாம்பல், கால் மணி நேரத்தில் கரும்பலகையின் கறுப்பு, ஒரு மணி நேரத்தில் அதைவிட ஆழம். காற்றுப் படப்பட நிறம் ஏறும் என்பதால் பூசிய நிமிடத்தில் முடிவு செய்யக்கூடாது.

தேயிலை டிகாஷனையும் மகன் சோதித்தார். சாம்பலைவிட ஒரு படி இருட்டு, அவ்வளவுதான். ஆவாரம்பட்டை கிடைத்திருந்தால் அதையும் பார்த்திருக்கலாம். தோல் பதனிட இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டார்கள். கடுக்காயே போதுமான கறுப்பைக் கொடுத்ததால் தேடவில்லை.

மருந்துக் கடைக்காரர் அன்னபேதியையும் கொடுத்தனுப்பியிருந்தார். அது இரும்பு சல்பேட், பச்சைப் படிகம். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், ஒரு வாரம் ஊறவைக்கும் வேலையே இல்லை. கடுக்காயோடு சேர்த்து அந்தக் காலத்தில் எழுதும் மை காய்ச்சியதும் இதை வைத்துத்தான். அதே நாளில் வினிகர்க் கரைசலையும் அன்னபேதிக் கரைசலையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். அன்னபேதி வேகமாகக் கறுத்தது. இருந்தும் அதை ஒதுக்கினோம். அன்னபேதி துவர்ப்போடு சேரும்போது கந்தக அமிலம் மிஞ்சி மரத்துக்குள்ளேயே தங்கும். இரும்பு மையால் எழுதிய பழைய காகிதங்கள் எழுத்து இருக்கும் இடத்திலேயே அரித்துப் போவதற்கு அந்த அமிலமும் ஒரு காரணம். வினிகரின் அமிலம் ஆவியாகிப் போய்விடும். சிமிழ் மூடியின் விளிம்பு மெல்லியது, பல வருடம் இருக்க வேண்டிய பொருள். வேகத்துக்காக அதை விலை கொடுக்க வேண்டாம் என்பது கடைசல்காரரின் முடிவு.

பால் சேர்ப்பதையும் ஒரு துண்டில் பார்த்தோம். துணியில் பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். மரத்தில் அது நடக்கவில்லை. கசிவு மேற்பரப்பில் இல்லாமல் நரம்புக்குள் ஓடியது. அப்புறம் நாற்றமும் சேர்ந்தது. விட்டுவிட்டோம்.

வரிசையை மாற்றியது

கறுப்பு கிடைத்துவிட்டது, ஆனால் வெள்ளை வளையம் கிடைக்கவில்லை. வளையத்துக்கு இரண்டு பக்கமும் தூரிகையால் கவனமாகப் பூசினாலும் கரைசல் நரம்பு வழியே வெள்ளைக்குள் நூல் நூலாக ஏறியது. ஓரத்தில் மெல்லிய பள்ளம் கீறிப் பார்த்ததில் கசிவு குறைந்ததே ஒழிய நிற்கவில்லை.

இரும்புக் கறுப்பு மரத்தில் ஆழம் போகாது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தேய்த்தால் வெள்ளை தெரிந்துவிடும் என்று முதலில் இதைக் குறையாகப் பார்த்தோம். கடைசல்காரர் அதையே பயன்படுத்திக்கொண்டார். மூடியின் வெளிப்பக்கம் முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, கடைசியில் உளியால் வளையத்தை வெட்டி வெள்ளையை வெளியே எடுப்பது. பூசி வெள்ளையைக் காப்பாற்றப் பார்த்தது போய், வெட்டி வெள்ளையைக் காட்டுவது என்று வேலையே திரும்பியது. கோடு கத்தியால் கிழித்த மாதிரி வந்தது.

அதன் பிறகு ஒரு மூடிக்கு வேலை நடந்த வரிசை இது. மூடியைக் கடைந்து, வளையம் வரும் இடத்தில் மட்டும் சற்றே மேடு விட்டு, 320 நம்பர் உப்புத்தாள் வரை தேய்ப்பார்கள். பிறகு வெறும் தண்ணீரால் நனைத்துக் காயவிட்டு, எழும்பிய நாரை 400 நம்பர் தாளால் நீக்குவார்கள். இதைத் தவிர்த்தால் கடுக்காய்த் தண்ணீரே நாரை எழுப்பும். கறுப்புக்குப் பிறகு அதைத் தேய்க்கப் போனால் வெள்ளை எட்டிப் பார்க்கும். அடுத்து கடுக்காய்ச் சாறு, நன்றாகக் காயவைத்தல், இரும்புக் கரைசல், ஒரு மணி நேரக் காத்திருப்பு. பின் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் மறுபடி ஒரு கை கடுக்காய். கடைசிக் கை கடுக்காயாக இருப்பது முக்கியம். சேராமல் நிற்கும் இரும்பை அது பிடித்துக்கொள்ளும், பின்னாளில் பழுப்பு தட்டாது.

ஓர் இரவு காய்ந்த கறுப்பு பார்க்கச் சிலேட்டு மாதிரி வெளிறித்தான் இருக்கும். முதல் தொகுதியில் மகன் இதைக் கண்டு இன்னொரு கை இரும்பு பூசக் கிளம்பினார். பாலிஷ் ஏறினால்தான் உண்மையான கறுப்பு தெரியும், ஆகவே சோதனைத் துண்டில் பாலிஷ் வரை போய்ப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு கை மெல்லிய ஷெல்லாக் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ்) போட்ட பிறகே வளையம் வெட்டினார்கள். ஷெல்லாக் கறுப்பைப் பூட்டிவிடுவதால், வெட்டும்போது கரும்பொடி வெள்ளை நரம்பில் ஏறாது. வெட்டிய வளையத்தில் உப்புத்தாள் வைக்கவே இல்லை. சாணை பிடித்த சாய்வுளியின் நுனி விட்ட பரப்பே போதும். அதன் மேல் ஒரு கை ஷெல்லாக், பிறகு கறுப்புக்கு மட்டும் கறுப்புப் பொடி கலந்த மெழுகு. சாதா மெழுகு கறுப்பின் நரம்புப் பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கிவிடுகிறது.

கரும்புள்ளிகள்

முதல் பன்னிரண்டு சிமிழ்களில் ஐந்தின் அடிப்பாகத்தில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் வந்தன. பூஞ்சை என்று முதலில் நினைத்தோம். வெளுத்த மரம் ஈரத்தோடு கிடந்தால் நீலம் பாய்வது உண்டு. ஆனால் மரம் நன்றாக உலர்ந்தது, புள்ளிகளும் ஒரு பக்கத்தில்தான் இருந்தன. அந்தப் பக்கம் சாணைக்கல்லைப் பார்த்திருந்தது.

உளி தீட்டும்போது பறக்கும் இரும்புப் பொடி வெகுதூரம் போகும். காயவைத்த அடிப்பாகங்களில் பக்கத்திலிருந்து தெறித்த கடுக்காய்ச் சாறு லேசாக ஒட்டியிருந்தது. ஈரமும் துவர்ப்பும் இரும்பும் ஓரிடத்தில் சேர்ந்தால் நடக்க வேண்டியதுதான் நடந்தது. லேத்தின் சக் (மரத்தைப் பிடித்துச் சுழற்றும் பிடி) பிடித்த இடங்களில் கறுப்புத் தழும்பு வந்ததும் இதே காரணத்தால்தான். ஈரமாக இருக்கும்போது மூடிகளைச் சக்கிலிருந்து கழற்றி மரக் குச்சியில் செருகி நிறுத்த ஆரம்பித்தார்கள். காயவைக்கும் இடம் வீட்டின் பின்கட்டுக்குப் போயிற்று. வெள்ளைப் பாகங்களை எஃகுப் பஞ்சால் தேய்ப்பது அடியோடு நிறுத்தப்பட்டது. ஐந்து அடிப்பாகங்களில் மூன்றை மேலும் கடைந்து மீட்டார்கள், இரண்டைத் தூக்கிப் போட்டார்கள்.

மூடி இறுகியதும் உள்பக்கமும்

தண்ணீர் சார்ந்த வேலை என்பதால் மூடியின் வாய் ஊதியது. கடைசலில் சரியாக உட்கார்ந்த மூடிகள் கறுப்புக்குப் பிறகு ஏறவில்லை. ஏறியவையும் காய்ந்ததும் வட்டம் பிசகி, ஒரு பக்கம் இறுக்கம் ஒரு பக்கம் தளர்வு என்று நின்றன. இதன் பின் வாயைக் கொஞ்சம் மரம் மிச்சம் வைத்துக் கடைந்து, கறுப்பு முடிந்து இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு இறுதிப் பொருத்தம் செய்தார்கள். ஆவணி மழையில் இந்தக் காய்ச்சல் நீண்டது, நவராத்திரி நெருங்கியது. விசிறி வைத்தோம், வெயிலில் வைக்கவில்லை. மெல்லிய விளிம்பு வெடிக்கும்.

மூடியின் உள்பக்கத்தைக் கறுப்பாக்க வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். வீட்டில் செய்யும் குங்குமத்தில் எலுமிச்சைச் சாறு சேரும். புளிப்பு இந்தக் கறுப்புக்குப் பகை, கரைத்து எடுத்துவிடும். உள்பக்கம் வெள்ளையாகவே, ஷெல்லாக் மட்டும்.

சீட்டில் என்ன எழுதுவது

மாதிரியைப் பார்த்த கடைக்காரருக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. சீட்டில் கருங்காலி என்று போடலாமா என்று கேட்டார். கருங்காலி மாலைக்கும் கோலுக்கும் இன்று இருக்கும் கிராக்கி எல்லோருக்கும் தெரியும். விலையும் கூடும்.

கடைசல்காரர் மறுத்தார், நானும் மறுத்தேன். கருங்காலியின் கறுப்பு வைரத்திலேயே ஊறியது, நடுவில் வெட்டினாலும் கறுப்பு. அதன் கனத்துக்குத் தண்ணீரில் மூழ்கும். வெட்பாலை மிதக்கும், நகத்தால் அழுத்திக் கீறினால் வெள்ளை தெரியும். அதைவிட முக்கியம், நம்பிக்கையோடு பூஜை அறைக்கு வாங்கிப் போகிறவரிடம் மரத்தின் பெயரில் பொய் சொல்லக்கூடாது. "வெட்பாலை மரம், கடுக்காயும் இரும்பும் கொடுத்த கறுப்பு" என்று சீட்டு அச்சாயிற்று. கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அந்தச் சீட்டைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டு வாங்கியவர்கள் நிறைய என்று அவரே சொன்னார்.

நடந்தது

நவராத்திரிக்கு முன் 52 சிமிழ்கள் போய்ச் சேர்ந்தன. மீதி எட்டு, கொலு தொடங்கிய பிறகு. கடைக்காரர் ஏற்றுக்கொண்டார், ஆனால் தாமதத்துக்கு விலை குறைத்தார்.

தீபாவளி வாக்கில் இரண்டு சிமிழ் திரும்பி வந்தன. ஒன்றில் மூடியின் உச்சியில் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம். விசாரித்ததில், பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்த கையோடு சிமிழையும் துடைத்திருக்கிறார்கள். ஷெல்லாக் தேய்ந்த இடத்தில் புளிப்பு இறங்கிக் கறுப்பைக் கரைத்துவிட்டது. அந்த இடத்தை லேசாகத் தேய்த்து, கடுக்காயும் இரும்பும் மறுபடி பூசியதில் சரியாகிவிட்டது. பெயிண்டாக இருந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டியிருந்திருக்கும்; இந்த முறையில் பழுது பார்ப்பது சுலபம். இன்னொன்று மூடி தளர்ந்து வந்தது, அவசரத்தில் காய்ச்சல் போதாமல் பொருத்திய தொகுதியைச் சேர்ந்தது. புது மூடி கடைந்து கொடுத்தார்கள்.

பட்டறை ஜன்னலில் பாதி மூடி வைத்த சோதனைத் துண்டுகளில், ஸ்பிரிட் சாயம் போட்டது மாதக்கணக்கான வெயிலில் பழுப்புச் சாயல் காட்டியது. கடுக்காய்க் கறுப்பில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இனி மாற்றுவது

புது மரம் எதுவானாலும், ஆர்டர் ஒப்புக்கொள்ளும் முன் அதே மரத்தின் கழிவுத் துண்டில் கடுக்காய் இல்லாமலும் கடுக்காயோடும் இரும்பைப் பூசி, பாலிஷ் வரை முடித்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள். மாமரத்திலும் ரப்பர் மரத்திலும் மகன் இதைச் செய்து துண்டுகளை எழுதி மாட்டி வைத்திருக்கிறார்.

பின்கட்டில் ஒரு மண்பானையில் துரு ஆணியும் வெல்லமும் ஊறுகின்றன. அக்கா வந்து போட்டுக் கொடுத்தது. வினிகர்க் கரைசல் நாளானால் ஆரஞ்சு நிறமாகித் துரு படியும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டியிருந்தது. பானையில் நாள் எடுத்தாலும் எப்போதும் கையிருப்பு இருக்கும்.

ஷெல்லாக்குக்கு மேல் இன்னும் கெட்டியான எண்ணெய்ப் பூச்சு ஒன்றை அடுத்த தொகுதியில் போடுகிறோம். புளி, எலுமிச்சை படக்கூடாது என்று சீட்டில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

காலக்கணக்கும் மாறியது. ஒரு சிமிழைக் கடைய ஆகும் நேரத்தை வைத்துத்தான் முன்பு தேதி சொன்னோம். கறுப்பு ஏற்றும் பொருளுக்குக் காய்ச்சலே பெரும்பங்கு நேரம் பிடிக்கிறது. இனி மழை மாதமானால் கடைசல் முடிந்து பத்து நாள் கூட்டித்தான் தேதி கொடுப்பது, கறுப்புக்குத் தனிக் கூலி வைப்பது என்று கடைக்காரரிடம் பேசி முடித்தாயிற்று. அடுத்த ஆர்டர் விளக்குத் தண்டுகள், இரண்டு அடி உயரம். முழுத் தண்டையும் நனைக்கும் அளவுக்கு நீளமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை மகன் தேடிக்கொண்டிருக்கிறார்.